துரைசானிக்கு ஒரு ஜோடி உல்லன் செருப்பு

என் ஓரகத்தியின் மேல் எனக்குப் பொறாமை. கொஞ்சநஞ்சமில்லை, வயிறு பற்றி எரிகிற பொறாமை. இதை எழுத உட்காரும்போதே என் பெரிய மகள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, எழுதுறதுதேன் எழுதுற, நல்லதா நாலு எழுதக் கூடாதா?" என்றாள். நல்லதை எழுத ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.

இது நடந்தது இரண்டாவது உலக யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷங்களுக்கு முன்பு. அப்போது நாங்கள் மதுரை செல்லூரில் ஒரு சந்துக்குள் குடியிருந்தோம். என் கணவருக்கும் அவர் தம்பிக்கும் சொந்த ஊர் மேற்கே, உசிலம்பட்டி போகிற வழியில். காடுகரை உள்ள சம்சாரிக் குடும்பம். அண்ணன் தம்பி இருவரும் படித்துவிட்டதால் கலப்பையை விட்டு, ஒரே வெள்ளைக்காரப் பஞ்சுக் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்கள். மாமனார் காலமானபின் அத்தையும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்களோடு வந்துவிட்டார். அத்தை, நாங்கள் இருவர், எங்கள் இரண்டு பெண்பிள்ளைகள், என் கொழுந்தன், அவன் பெண்டாட்டியான அந்த ஓரகத்தி என்று ஏழு பேருக்கு இரண்டு அறை, ஒரு அடுப்படி. சுற்றிலும் தறி. விடிந்ததும் தொடங்குகிற சத்தம் விளக்கு வைத்த பிறகும் ஓயாது. தண்ணீருக்குத் தெருக்குழாய். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நான் வாங்கிய பேச்சும் கொடுத்த பேச்சும் தனிக் கதை.

கம்பெனிக்குச் சொந்தமாக ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நாலு வீடுகள் வரிசையாக இருந்தன. ஓட்டு வீடுதான். ஆனால் ஒவ்வொன்றிலும் இரண்டு அறை, தனி அடுப்படி, கொல்லையில் சொந்தக் குழாய். அதில் இருந்த வயசான குமாஸ்தா ஒருவர் தை மாதம் வேலையிலிருந்து நிற்கப்போகிறார் என்று தெரிந்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த வீடு எனக்கு வேண்டும். கல்யாணமாகி ஒன்பது வருஷமாக மாமியார் கண் முன்னால், இரண்டு வருஷமாக இன்னொருத்தி முழங்கையும் இடிக்க, புகைக்குள் நின்று சமைத்தவள் நான். எனக்கென்று ஓர் அடுப்பு, நான் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிற உப்புச்சாடி, இம்புட்டுத்தான் ஆசை.

என் கணவருக்குத்தான் கம்பெனியில் வருஷம் அதிகம். ஆனாலும் வீடு யாருக்கு என்பது துரை வாயிலிருந்து வந்தாலும் துரைசானி மனசிலிருந்துதான் வரும் என்று குமாஸ்தாக்கள் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். முந்தின தடவை காலியான வீடு, துரைசானிக்கு ஊறுகாய் போட்டுக் கொடுத்தவள் வீட்டுக்காரருக்குத்தான் போனது.

கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு நாலு நாள் முன்னால் குமாஸ்தாக்கள் எல்லாரும் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு துரை பங்களாவுக்குப் போவது வழக்கம். வாழைத்தார், எலுமிச்சம்பழம், மாலை என்று தட்டு வைப்பார்கள். வாங்கிக்கொண்டு மறுநாளே துரை குடும்பத்தோடு கொடைக்கானல் ஏறிவிடுவார். வருஷத்துக்கு ஒரு தடவை துரைசானியின் முகத்தைப் பார்க்கிற நாள் அது. நான் அந்த வருஷம் அதிரசம் சுட்டு எடுத்துப்போவதாக இருந்தேன். என் அதிரசத்துக்கு எங்கள் பக்கம் பேர் உண்டு. சும்மா சொல்லவில்லை.

இந்த இடத்தில்தான் என் ஓரகத்தி குறுக்கே வந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டு வரைக்கும் படித்தவள். வந்து இரண்டு வருஷமாகியும் அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய குறை. எதிர்த்துப் பேசமாட்டாள். நான் பத்துப் பாத்திரம் தேய்த்தால் மீதிப் பத்தைக் கேட்காமலே தேய்த்துவைப்பாள். அத்தை அவளை "ஏத்தா" என்று கூப்பிடுகிற குரல் வேறு, என்னை "ஏ, யாரு அங்கன?" என்று கூப்பிடுகிற குரல் வேறு. கேட்டால் அத்தை ஒப்புக்கொள்ள மாட்டார்.

கார்த்திகை மாதம் ஒருநாள் அவள் பெட்டியிலிருந்து இரண்டு நீள ஊசியையும் காப்பிக்கொட்டை நிறத்தில் நாலு உருண்டை உல்லன் நூலையும் எடுத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தாள். துரைசானிக்குப் பண்டிகைப் பரிசாக உல்லன் செருப்புப் பின்னப் போகிறாளாம்.

அத்தை பதறிப்போனார். "நல்ல நாளும் அதுவுமா மனுசருக்குச் செருப்பக் குடுப்பாகளா? மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்காதாத்தா?"

"அவுகளுக்கு அப்படியெல்லாம் இல்ல அத்தே. எங்க பள்ளிக்கூடத்துல துரைசானிமாரு பண்டிகைக்கு ஒருத்தருக்கொருத்தர் இதத்தேன் பின்னிக் குடுத்துக்கிருவாக. கொடைக்கானல்ல இப்பத் தரையில காலு வைக்க முடியாதாம், அம்புட்டுக் குளிராம்."

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. செருப்பைத் தட்டில் வைத்துக்கொண்டு போய் நிற்கட்டும், துரைசானி விரட்டி அடிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு, "நல்ல யோசனைதேன். பின்னு, பின்னு" என்றேன். நான் அவளைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அவள் அப்படிச் சந்தோஷப்பட்டாள்.

அளவுக்கு என்ன செய்வது என்று பேச்சு வந்தது. துரைசானியிடம் போய்க் காலை நீட்டுங்கள் என்று யார் கேட்பது? துரைசானி பெரிய ஆள். பங்களா நிலையில் குனிந்துதான் வருவாள். ஆளுக்குத் தக்க காலு இருக்கும் என்று அத்தை சொன்னார், நானும் சொன்னேன், கொழுந்தனும் சொன்னான். எங்கள் வீட்டில் பெரிய பாதம் அத்தையுடையதுதான். முப்பது வருஷம் வரப்பிலும் சேற்றிலும் மிதித்து, விரலெல்லாம் விரிந்து, அகலமான பாதம். அத்தை அதை அவள் மடியில் தூக்கிவைத்துவிட்டார். ஒன்பது வருஷத்தில் என் மடியில் அத்தை ஒரு முறத்தைக்கூட வைத்ததில்லை. நான் அம்மியில் மிளகாய் அரைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய் என்று சொல்லிக்கொண்டேன்.

அவள் பின்னுவதைப் பார்க்க எங்கள் சந்தே வந்தது. தறி நெய்கிற பெண்களுக்கு நூலென்றால் நெடுக்கே பாவும் குறுக்கே ஊடையும்தான். தறியே இல்லாமல், இரண்டு ஊசியை வைத்துக்கொண்டு ஒரே இழையில் துணி உண்டாக்குவதை அவர்கள் கண்டதில்லை. "அதெப்படித்தா, நூலு ஒண்ணுதானே இருக்கு?" என்று சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அவள் பொறுமையாகக் காட்டுவாள். என் பெண்பிள்ளைகள் இரண்டும் அவள் முதுகில் சாய்ந்தபடியே கிடந்தன. சாப்பிட வாங்கடி என்று நான் கூப்பிட்டால், "சித்தி இந்த வரிசைய முடிக்கட்டும்" என்று பதில் வரும். பெற்றவள் நானா அவளா என்று கேட்கத் தோன்றும்.

ஒரு மத்தியானம், அவள் தண்ணீருக்குப் போயிருந்தபோது, விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்குச்சியை உருவி, சணலை வைத்துக்கொண்டு நானும் முயன்று பார்த்தேன். பார்த்துப் பார்த்து மனப்பாடமாகியிருந்தது. ஆனால் கைக்கு வரவில்லை. நாலு கண்ணி போட்டதும் ஈர்க்குச்சி ஒடிந்தது. வேறு எடுத்தேன், அதுவும் ஒடிந்தது. கடைசியில் கையில் ஒரு சிக்குதான் மிஞ்சியது. அடுப்பில் போட்டு எரித்துவிட்டு, அன்றைக்குக் குழம்பில் உப்பு கூடிப்போனதற்குப் பிள்ளைகளை அடித்தேன்.

செருப்பு முடிந்தது. சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. அடிப்பக்கம் இரட்டையாக, மேலே கணுக்கால் வரை மடித்து, ஓரத்தில் சிவப்பு நூலில் சின்னப் பூ. அத்தை போட்டுக்கொண்டு முற்றத்தில் நாலு எட்டு நடந்தார். "பஞ்சு மேல நிக்கிற மாதிரியில்ல இருக்கு! யாத்தே!" என்று சிரித்தார். அத்தைக்கு முன்பல் இரண்டு இல்லை என்பதை அன்றுதான் நான் முழுசாகப் பார்த்தேன்.

பேச்சுவாக்கில் கேட்டேன், சத்தியமாகப் பேச்சுவாக்கில்தான், "அழுக்கானா இத எப்படித் துவைக்கிறது?" என்று.

"பச்சத் தண்ணியில சும்மா அலசணும்க்கா. வெந்நி பட்டுச்சுன்னா சுருங்கிப் போயிரும். கசக்கவும் கூடாது."

அன்றைக்கு அது என் காதில் விழுந்ததோடு சரி. என் கணவர் அந்த ஒரு வார்த்தை சொல்லாமலிருந்தால் அப்படியே போயிருக்கும். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "அந்தச் செருப்பப் பாத்தியா? துரைசானி மயங்கிப் போவா. வீடு தம்பிக்குத்தேன். யாருக்குக் கெடச்சா என்ன, ஒரு வீட்டுப் பிள்ளைகதானே?" என்றார். ஒரு வீட்டுப் பிள்ளைகள்! அந்த மனுஷனுக்கு அடுப்படியில் புகை குடித்துப் பழக்கமில்லை. அவருக்கு யாருக்குக் கிடைத்தால் என்ன? எனக்கு உச்சந்தலையில் பற்றிக்கொண்டு வந்தது.

பங்களாவுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால், அவனியாபுரத்தில் அத்தையின் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. அத்தை, ஓரகத்தி, பிள்ளைகள் எல்லாரும் வண்டி கட்டிப் போய்விட்டார்கள். ஆண்கள் கம்பெனியில். தலைவலி என்று நான் நின்றுவிட்டேன். தலைவலி பொய்தான்.

அண்டாவில் வெந்நீர் போட்டேன். தளதளவென்று கொதித்ததும் அவள் பெட்டியைத் திறந்து அந்த ஜோடியை எடுத்தேன். பெட்டியைப் பூட்டும் பழக்கம் அவளுக்கு இல்லை. கொதிநீரில் முக்கி, துவைக்கிற கல்லில் வைத்து, சவுக்காரத்தைத் தேய் தேய் என்று தேய்த்து, இரண்டு கையாலும் கும்மினேன். மறுபடி முக்கினேன், மறுபடி கும்மினேன். மூச்சு வாங்கியது. இரண்டு வருஷத்து ஆத்திரம் அது, சும்மா வராது. அந்த நேரத்தில் எனக்குப் பயமோ வெட்கமோ இல்லை. சந்தோஷமாக இருந்தது. ஈர்க்குச்சி ஒடிந்தபோது வந்த அழுகையெல்லாம் அந்தக் கல்லில் இறங்கியது.

அலசிப் பிழிந்தபோதுதான் நிதானம் வந்தது. செருப்பு பாதிக்குப் பாதி சிறுத்துவிட்டது. அத்தனை நாள் அவள் உட்கார்ந்து போட்ட கண்ணி ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, கனத்து, மேலே ரோமம் எழும்பி, பின்னிய சாமான் என்றே சொல்ல முடியாது. இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. மொட்டை மாடி வெயிலில் போட்டுக் காயவைத்து, பழையபடி காகிதத்தில் சுற்றி, பெட்டியில் வைத்தேன். அதற்குப் பிறகு நிஜமாகவே தலை வலித்தது.

பங்களாவுக்குப் போகிற அன்று காலையில் அவள் பெட்டியைத் திறந்தாள். நான் அதிரசத்தை வாழையிலையில் அடுக்குவதாகப் பாவனை செய்துகொண்டிருந்தேன். காகிதம் பிரிகிற சத்தம் கேட்டது. அழுவாள், கத்துவாள், அத்தையைக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று பொய் தயாராக வைத்திருந்தேன். அவள் கதவோரம் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். செருப்பை மூக்கருகே கொண்டுபோய் ஒரு தடவை முகர்ந்தாள். மறுபடியும் காகிதத்தைச் சுற்றித் தட்டில் வைத்துவிட்டாள். "கிளம்பலாம்க்கா" என்றாள்.

ஏன் எடுத்து வருகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. வைகைப் பாலம் தாண்டும்வரை ஜட்கா வண்டியில் நான் அந்தக் காகிதப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஆண்கள் இருவரும் துரையிடம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

பங்களா வராந்தாவில் துரைசானி ஒவ்வொரு தட்டாக வாங்கி, "நல்லது, நல்லது" என்று பக்கத்து மேசையில் வைத்துக்கொண்டே வந்தாள். என் அதிரசத்துக்கும் ஒரு "நல்லது"தான். பிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அடுத்தது என் ஓரகத்தி. காகிதத்தைப் பிரித்தாள் துரைசானி. இப்போது அவமானப்படப் போகிறாள், நான் ஆசைப்பட்டதுதானே, பார், பார் என்று மனசு ஒரு பக்கம் குதித்தது. இன்னொரு பக்கம் அந்தத் தூண் மறைவில் போய் நின்றுகொள்ளலாமா என்று இருந்தது.

துரைசானி நாற்காலியில் உட்கார்ந்து தன் ஜோட்டைக் கழற்றினாள். பிறந்ததிலிருந்து தோல் ஜோட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த காலை அன்றுதான் முதலில் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, குறுகலாக, ஐந்து விரலும் ஒன்றன்மேல் ஒன்று ஒதுங்கி, இந்தப் பெரிய உடம்பைத் தாங்குகிற கால் இதுதானா என்று இருந்தது. எங்கள் அத்தை அளவில் பின்னியதை அப்படியே கொண்டுபோயிருந்தால் இரண்டு காலையும் ஒன்றுக்குள்ளேயே விட்டிருக்கலாம்.

நான் கும்மி எடுத்த செருப்பு அந்தக் காலில் அளவெடுத்ததுபோலப் பொருந்தியது.

துரைசானி எழுந்து நின்றாள். நடந்தாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவளுக்குத் தெரிந்த புத்தகத் தமிழில், "என் தாயார் இப்படித்தான் செய்வார்கள். முதலில் பெரியதாகப் பின்னுவார்கள். பிறகு வெந்நீரில் போட்டு அடிப்பார்கள். அப்போதுதான் குளிர் உள்ளே வராது. இந்த ஊரில் ஒருவருக்கும் இது தெரியாது என்று நினைத்திருந்தேன். உனக்கு யார் கற்பித்தார்கள்?" என்று கேட்டாள்.

கெடுக்கப் போன நானே என் கையால் அவளுக்கு வீட்டைச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டேன். அந்தக் கணத்தில் அவளைக் கொன்றுபோட்டிருப்பேன்.

"பின்னுனது நானுங்கம்மா" என்றாள் என் ஓரகத்தி. "வெந்நியில போட்டு அடிச்சது எங்க அக்கா. இவுகதேன்." என் முழங்கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். "வீட்டுக்கு மூத்தவுக. இம்புட்டுப் பக்குவம் எனக்கு வராது."

துரைசானி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சவுக்காரத்தில் வெந்து தோல் உரிந்திருந்த கை. அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தனக்காக நான் பட்ட பாடு என்று நினைத்தாளோ என்னவோ, கண் கலங்கினாள். குமாஸ்தாக்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். என் கணவர் பெருமையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

தை பிறந்ததும் வீடு எங்களுக்கு என்று கம்பெனியிலிருந்து காகிதம் வந்தது. மூத்தவருக்கு என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். கொழுந்தனுக்கு முகம் வாடவில்லை. அத்தையை எங்களோடு வரச்சொல்லி என் கணவர் கேட்டார். "நான் இங்கனயே கிடக்கேன்டா, சின்னவ தனியா இருப்பா" என்றுவிட்டார் அத்தை. அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது. அத்தை வர வேண்டாம் என்றுதான் நான் அத்தனை நாள் வேண்டிக்கொண்டிருந்தேன். வரமாட்டேன் என்று அவரே சொன்னதும் தாங்கவில்லை.

சாமான் ஏற்ற மாட்டுவண்டி வாசலில் நின்றது. அத்தையும் பிள்ளைகளும் வெளியே நின்றார்கள். அடுப்படியில் நாங்கள் இருவர்தான். அவள் என் பித்தளைப் பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, உரசாமலிருக்க நடுவில் வைக்கோல் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"பங்களாவுல ஏன் அப்படிச் சொன்ன?"

"நீங்கதானக்கா வெந்நியில போட்டீக. அதத்தேன் சொன்னேன்." அவள் நிமிரவில்லை. "சவுக்கார வாசம் குப்புன்னு அடிச்சுச்சே. அன்னைக்கு வீட்டுல நீங்க மட்டுந்தேன் இருந்தீக. வெறுந்தட்டோட போக முடியாதேன்னுதேன் அதையே எடுத்தாந்தேன்."

"தெரிஞ்சுமா எனக்கு வீட்ட வாங்கிக் குடுத்த?"

"ஆமாக்கா."

நல்லவளாம்! என்னைவிட நல்லவள் என்று காட்டவா இதையும் செய்தாள்? கேட்டேவிட்டேன். "ஏன்டி? பெரிய தியாகின்னு ஊரு சொல்லணுமா?"

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். கோபமே இல்லாத முகம். அத்தனை நாளும் நான் பார்த்த அதே முகம்தான், ஆனால் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அதை நான் எப்போதும் கவனித்ததில்லை.

"எனக்குக் கெடச்சிருந்தா அங்கயும் வந்து வந்து பாத்துப் பொசுங்குவீக. யாருக்கும் கெடைக்காட்டி இந்த அடுப்படியில என் கூடயே நிப்பீக. ரெண்டு வருசமா, நான் தட்ட எடுத்து வச்சா உங்க கண்ணு வந்து சோத்துல விழுகுது. நான் சிரிச்சா உங்க மூஞ்சி மாறுது. நீங்க போனாத்தேன் நான் நிம்மதியா ஒரு வாய் சோறு திம்பேன். அதுக்குத்தேன் சொன்னேன். போயிட்டு வாங்க."

கட்டிய மூட்டையைத் தூக்கி என் இடுப்பில் வைத்தாள். கனமாக இருக்கிறது, பார்த்துப் போங்கள் என்றுகூடச் சொன்னாள். வாய்க்குப் பேர்போன நான், தெருக்குழாயில் ஒரு சந்தையே அடக்கியவள், மூட்டையோடு போய் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

அந்த வீட்டில் பதினோரு வருஷம் இருந்தேன். குடிபோன அன்று மத்தியானம் புது அடுப்பில் பொங்கி இறக்கி, நாலு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு இறங்கவில்லை. அங்கே செல்லூரில் அந்நேரம் அவள் வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள் என்ற நினைப்புத்தான். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.